வடிவான மரம் என்று சொல்லிச் சொல்லித் தறிக்கிறோம்

எங்கட ஊர்ச் சந்தியில் ஒரு பனை நின்றது. பனை என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அந்தப் பனையை ஒரு ஆல் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அடியிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்குப் பனையே தெரியாது, பின்னிக்கிடக்கிற ஆலம்வேர்தான் தெரியும். மேலே ஆலின் கொப்புகள் நாலு பக்கமும் விரிந்திருக்க, நடுவால் பனையின் வட்டு மட்டும் எட்டிப்பார்க்கும்.

சந்திக்கு வருகிற ஆட்கள் எல்லாரும் அதைப் படம் எடுத்தார்கள். கலியாணச் சோடிகளை வேரில் சாய்த்து வைத்து எடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடுத்தார்கள். "பனையும் ஆலும் கட்டிப்பிடிச்சு நிக்கிற வடிவைப் பாருங்கோ" என்று ரிக்ரொக்கில் பாட்டுப் போட்டு ஓடவிட்டார்கள். நானும் எடுத்தேன். ஒரு பின்னேரம், வெயில் சாய்கிற நேரம் பார்த்து, வேரின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரியும்படி எடுத்தேன். என்ர பக்கத்தில் வேறெந்தப் படத்துக்கும் அவ்வளவு லைக் விழுந்ததில்லை.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு விசயத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மரத்தின் அடியில், றோட்டுப் பக்கமாக, சிவப்புப் பெயின்ரால் ஒரு இலக்கம் எழுதியிருந்தது. 43. படத்தின் வடிவைக் கெடுக்குது என்று அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டுத்தான் படத்தைப் போட்டேன்.

43 என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. சந்தியிலிருந்து போகப்போக 44, 45, 46 என்று வேம்பிலும் பூவரசிலும் வாகையிலும் எழுதியிருந்ததைப் பார்த்தும் கேட்கவில்லை. றோட்டை அகலிக்கப் போகினம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விசயத்தை ஏன் போய்க் கேட்பான் என்று இருந்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலமை மெசின் வாள் சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆலின் கொப்புகள் எல்லாம் கழிக்கப்பட்டு, தலை போன பனை வேர்க்கூட்டுக்குள் மொட்டையாக நின்றது. சுற்றி ஒரு ஐம்பது பேர் இருக்கும். எல்லார் கையிலும் போன். "ஐயோ, என்ன வடிவான மரம்" என்று சொல்லிச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். பெக்கோ இழுக்க மரம் சரிந்தது. சரிந்ததும் இரண்டு பெடியள் குத்தியில் ஏறி நின்று செல்பி எடுத்தார்கள். பின்னேரத்துக்குள் கொப்பும் குழையும் லாண்ட்மாஸ்டரில் போய்விட்டன. இரவு நான் என்ர பழைய படத்தைத் திரும்பவும் போட்டு, அழுகிற முகம் இரண்டு வைத்தேன். அதற்கும் நல்ல லைக்.

வாள் பிடித்தவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கு அது நாட்கூலி. நான் பேச வருவது அந்த ஐம்பது போன்களைப் பற்றி. அதில் ஒன்று என்னுடையது.

*

நாங்கள் மரத்தை விரும்பாத சனம் இல்லை. விரும்புகிறோம். ஆனால் எப்படிப்பட்ட மரத்தை விரும்புகிறோம் என்று ஒருக்கா யோசித்துப் பாருங்கோ.

நெடுந்தீவுக்குப் போனால் பெருக்குமரத்தின் பொந்துக்குள் புகுந்து படம். மன்னாருக்குப் போனால் பள்ளிமுனைப் பெருக்கைச் சுற்றிக் கைகோத்து நின்று படம். எங்கேயோ ஒரு கிளைப்பனை இருக்காம் என்று கேள்விப்பட்டால் மோட்டச்சைக்கிளில் போய்ப் படம். பேராதனைப் பூங்காவுக்குப் போனால் சாய்ந்து நிற்கிற குக் பைன் மரங்களோடு தாங்களும் சாய்ந்து படம். மரம் வளைந்திருக்க வேணும், பிளந்திருக்க வேணும், இன்னொன்றைக் கட்டிப்பிடித்திருக்க வேணும், வயிறு ஊதியிருக்க வேணும். அப்போதுதான் அது எங்கட கண்ணுக்கு மரம்.

வேலியோரத்தில் சும்மா நிற்கிற வேம்பு எங்களுக்கு மரமில்லை. அது மதிலுக்கு இடைஞ்சல், கரண்ட் வயருக்கு இடைஞ்சல், முற்றத்தில் சருகு கொட்டுகிற கரைச்சல். அதைத் தறிக்க ஆள் பிடிக்கிறபோது ஒருவரும் அழுகிற முகம் போடுவதில்லை.

இது வெறும் ரசனைப் பிழை என்றால் விட்டுவிடலாம். இது கணக்கிலேயே பிழை. நாங்கள் வாய்பிளந்து பார்க்கிற அந்த விசித்திரங்கள் எப்படி வந்தன என்று பார்த்தால் விளங்கும்.

பனை-ஆலை எடுங்கோ. மைனாவோ குக்குறுவானோ ஆலம்பழம் தின்றுவிட்டுப் பனையில் வந்து குந்துகிறது. எச்சத்தோடு விழுகிற விதை, மட்டை விழுந்த பிறகும் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற அடிமட்டையின் இடுக்குக்குள் தங்குகிறது. அந்த இடுக்கில் கொஞ்சம் தூசி, உக்கின ஓலை, மாரி மழையில் தேங்கின ஈரம். விதைக்கு அது போதும். முளைத்த ஆல் பனையைப் பிடித்துக்கொண்டு கீழே வேர் விடுகிறது. வேர் நிலத்தைத் தொடும்வரை அது ஒரு பாவப்பட்ட செடிதான். தொட்ட பிறகுதான் அதற்கு வேகம். வேரும் வேரும் முட்டுகிற இடமெல்லாம் ஒட்டிச் சேர்ந்து வலையாகிறது. வேறொரு மரம் உள்ளே இருந்தால் ஆண்டுக்காண்டு பருக்கப் பார்த்து அந்த வலைக்குள் நெரிபடும். பனையின் அடிமரம் அப்படிப் பருத்துக்கொண்டு போகிற சாதியில்லை. அதனால் வலைக்குள்ளேயே கனகாலம் உயிரோடு நிற்கும். ஆல் மேலே எழும்பி வெளிச்சத்தை மறைக்கத் தொடங்கிய பிறகுதான் பனைக்குக் கஸ்ரகாலம்.

"காதல் மரம்" என்று நாங்கள் தலைப்புப் போடுவது இதற்குத்தான். இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு பறவை, ஒரு இடுக்கு, அதற்குப் பிறகு பல பத்து வருசம் ஒருவரும் கத்தி வைக்காமல் விட்டது. சந்திப் பனை வடலியாக நின்ற காலத்தில் அது ஒரு சும்மா பனை. வேலியோரம் கரைச்சல் கொடுக்கிற வடலி. அன்றைக்கு ஒருவர் அதை விட்டுவைத்தார். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, அவரை ஒருவரும் படம் எடுக்கவும் இல்லை.

கிளைப்பனையும் இப்படித்தான். பனைக்கு வளர்கிற இடம் ஒன்றே ஒன்று, உச்சிக் குருத்து. அது போனால் மரம் போச்சு. குருத்தில் காயம் பட்டும் சாகாமல் தப்பி, வளர்முனை இரண்டாகப் பிரிகிற பனை மிக அரிது. பெரும்பாலும் அப்படித் தப்பினதைத்தான் நாங்கள் கிளைப்பனை என்று தேடிப் போகிறோம். யோசித்துப் பாருங்கோ: அப்படி ஒன்று கிடைக்க எத்தனை பனைகள் நிற்க வேணும்? காயம் பட்ட ஒன்றை "இது இனி உதவாது" என்று தறிக்காமல் விட எத்தனை பேருக்கு மனம் வர வேணும்?

பெருக்கின் பொந்தும் அதே கதைதான். ஆபிரிக்காவில் பெரிய பெருக்குமரங்களைக் காபன் காலக்கணிப்புச் செய்து பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். ஒரே மரம் என்று நினைத்தவை பலவும் வட்டமாக எழும்பிய பல தண்டுகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று ஒட்டினவை. நடுவில் மிச்சம் விடுபட்ட வெளிதான் சில மரங்களின் பெரிய பொந்து. பள்ளிமுனைப் பெருக்கின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். அரபு வணிகர்கள் கொண்டுவந்த மரம் என்று வழிவழியாகச் சொல்லுவினம். கதை எப்படியும் இருக்கட்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிறகு எங்கட முப்பது வருச யுத்தம் என்று எல்லாம் வந்து போக அது அந்த இடத்திலேயே நின்றது. அந்த 19 மீற்றரும் அப்படி நின்றதன் கணக்கு.

குக் பைன் கதை இன்னும் சுவாரசியம். நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்த மரம் அது. தனியே ஒன்றைப் பார்த்தால் கோணலாக வளர்ந்த மரம் என்றுதான் நினைப்போம். 2017இல் வெளியான ஒரு ஆய்வுக்காக 5 கண்டங்களில் 256 குக் பைன் மரங்களை அளந்தார்கள். பூமத்திய கோட்டுக்கு வடக்கே நிற்பவை தெற்குப் பக்கமும், தெற்கே நிற்பவை வடக்குப் பக்கமும் சாய்கின்றன. சராசரியாக எட்டரைப் பாகை. உலகம் முழுக்க இந்த மரம் பூமத்திய கோட்டைப் பார்த்துத்தான் சாய்கிறது! ஒரே ஒரு மரத்தை வேலி போட்டு வைத்திருந்தால் இந்த அதிசயம் ஒருவருக்கும் தெரியவந்திருக்காது. பார்க்குகளிலும் தெருவோரங்களிலும் சும்மா நின்ற 256 மரங்கள் வேண்டியிருந்தன.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். அதிசய மரம் என்று தனியாக ஒரு சாதி இல்லை. விட்டுவைத்த மரம் இருக்கு, விட்டுவைக்காத மரம் இருக்கு. இன்றைக்கு நாங்கள் "சும்மா மரம்" என்று தறிக்கிற ஒவ்வொன்றும் இன்னும் விசித்திரமாவதற்கு நேரம் கிடைக்காத மரம்.

*

எங்கட சட்டமும் மரத்தை இப்படித்தான் பிரித்துப் பார்த்தது. 1951ஆம் ஆண்டு மரம் வீழ்த்தலைக் கட்டுப்படுத்துகிற சட்டம் ஒன்று வந்தது. அனுமதி இல்லாமல் தறிக்கக்கூடாது என்று அதன் கீழ்ப் பெயர் சொல்லிக் காத்த மரங்கள் பலா, ஈரப்பலா, பெண்பனை. சாப்பாடு தருகிற மரங்கள். பசி தெரிந்தவர்கள் செய்த சட்டம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்பனை அதில் எங்கே? காய்க்காது, ஆகவே கணக்கில் இல்லை. வடலி ஆணா பெண்ணா என்று பாளை வரும்வரை ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பத்துப் பதினைந்து வருசத்துக்கு மேலே செல்லும்.

சட்டம் காயைப் பார்த்தது, கமரா கோணலைப் பார்க்கிறது. காயும் இல்லை, கோணலும் இல்லை என்றால் அந்த மரத்துக்கு இந்த நாட்டில் ஆளில்லை. றோட்டுக்கரையில் இலக்கம் விழுகிற மரங்களில் முக்கால்வாசி இந்தச் சாதிதான்.

அரிதான மரம் என்றாலும் கடைசி நேரத்தில்தான் எங்களுக்கு முழிப்பு வருகிறது. கம்பஹா மாவட்டத்தில் தரலுவ என்ற இடத்தில் ஒரு மரம் நின்றது. தாவரவியல் பெயர் குரூடியா செயிலானிக்கா. 2012இல் வந்த தேசியச் செம்பட்டியல் அதை அற்றுப்போன இனம் என்று எழுதிவிட்டது. 2019இல் ஒரே ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார்கள். 2021 பெப்ரவரியில் அதிவேக நெடுஞ்சாலைக்காக அதைத் தறிக்க வெளிக்கிட, நாடே சத்தம் போட்டது. தறிக்கவில்லை. நல்ல விசயம். ஆனால் கேள்வி ஒன்று கிடக்கு. அந்த இனம் ஒன்றே ஒன்றாகக் குறைந்து வந்த அவ்வளவு காலமும் அதன் கூடப்பிறந்த மரங்கள் ஒவ்வொன்றும் சும்மா மரங்களாகத்தானே தறிபட்டிருக்கும்? அப்போது ஒருவரும் சத்தம் போடவில்லை. கடைசி ஒன்று என்ற பட்டம் கிடைத்த பிறகுதான் அதற்கு மரியாதை.

அநுராதபுரத்தில் ஸ்ரீ மகாபோதியின் கிளைகளுக்குப் பொன் நிறத்தில் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு மரத்தை இரண்டாயிரம் வருசத்துக்கு மேலே பராமரிக்க இந்தத் தீவுக்குத் தெரியும் என்பதற்கு அதுதான் சாட்சி. தெரியாமல் தறிக்கிறோம் என்று சொல்ல ஏலாது. எதற்கு முட்டு, எதற்கு வாள் என்று தெரிந்துதான் தீர்மானிக்கிறோம்.

*

"யுத்தத்தில அழிஞ்சதை விடவா இப்ப அழியுது?" என்று ஒரு கேள்வி வரும். வரட்டும்.

யுத்தம் எங்கட பனைகளுக்குச் செய்ததை மறக்கச் சொல்லவில்லை. பங்கருக்குப் பனங்குத்தி, காவலரணுக்குப் பனங்குத்தி, மண் அணைக்கு முட்டாகப் பனங்குத்தி. இரண்டு பக்கமும் தறித்தது. செல் விழுந்து தலை போன பனைகள் வெறும் தூண்களாக நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுபட்ட காணிகளுக்குத் திரும்பிப் போனவர்கள் வீட்டை மட்டும் தேடவில்லை, எல்லைக்கு அடையாளமாக நின்ற மரங்களையும் தேடினார்கள். மரம் இல்லாமல் காணியின் மூலை தெரியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். அதைச் செய்தவர்கள் பதில் சொல்ல வேணும். அந்தக் கணக்கு முடியவில்லை.

ஆனால் துவக்குச் சத்தம் ஓய்ந்த பிறகு விழுந்த மரங்களுக்கு ஆர் பதில்?

வேலியை எடுங்கோ. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஆடாதோடை என்று உயிர்வேலி போட்டிருந்த ஒழுங்கைகள் எங்கட ஊரில் எத்தனை இருந்தன. வெளிநாட்டுக் காசு வந்தது, மதில் எழும்பியது. மதில் கட்டினால் அத்திவாரத்துக்கு வேர் ஆகாது, ஆகவே மரமும் போச்சு. இப்போது ஒழுங்கையால் நடந்தால் இரண்டு பக்கமும் சீமெந்துச் சூடு. அதே வீட்டு வரவேற்பறையில் ஆலமரத்தின் படம் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும்.

கோயிலை எடுங்கோ. தல விருட்சம் என்று ஒன்றுக்கு மேடை கட்டி, பட்டுச் சுற்றி, பூசையும் நடக்கும். அதே திருப்பணியில் வெளிவீதியில் நின்ற மருதும் இலுப்பையும் தறிபடும். இன்ரலொக் கல் பதிக்க வேணுமாம். தேர் திரும்ப இடம் வேணுமாம். பிறகு திருவிழாவில் அடியார்களுக்குக் கால் சுடுகிறது என்று கல்லுக்கு மேலே சாக்குப் போட்டுத் தண்ணி ஊற்றுவினம்.

அரசமரத்தை எடுங்கோ. இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கு. பிள்ளையாருக்கு நிழல் கொடுத்த மரம் அது எங்களுக்கு. இப்போது பொதுக் காணியில் ஒரு அரசங்கன்று தானாக முளைத்தாலும் "பிறகு சிலை வந்திடும், இப்பவே புடுங்கு" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை, காணி போன சனத்தின் பயம். அதைச் சிரித்துத் தள்ள மாட்டேன். ஆனால் ஒரு அரசியலுக்குப் பயந்து ஒரு மரத்தையே எதிரியாக்கிவிட்டோம் என்பதையும் சொல்லாமல் இருக்க ஏலாது. மரம் ஒருவருடைய காணியையும் பிடித்ததில்லை.

*

இனி வழக்கமாக வருகிற இரண்டு பதில்களுக்கு வருகிறேன்.

முதலாவது: "அப்ப றோட்டு வேண்டாமோ?" வேணும். எங்கட சந்தியிலும் விபத்து நடந்திருக்கு, ஆள் செத்திருக்கு. அம்புலன்ஸ் வந்து சேராமல் வீட்டிலேயே பிள்ளை பெற்ற கதைகள் இருக்கு. றோட்டு வேண்டாம் என்று சொல்லுகிறவர்கள் மரத்தையும் காப்பாற்ற மாட்டார்கள், ஏனென்றால் சனம் அவர்களோடு நிற்காது.

ஆனால் ஒன்றைச் சொல்லுகிறேன். றோட்டு முடிந்து இப்போது காப்பெற் போட்டாயிற்று. வெள்ளைக்கோடும் கீறியாயிற்று. போன மாதம் போய் நின்று பார்த்தேன். 43 நின்ற இடத்தால் றோட்டுப் போகவில்லை. றோட்டுக்கரை அந்த இடத்திலிருந்து ஆறேழு அடி தள்ளிப் போகிறது. மரம் நின்ற இடத்தில் கிரவல் கொட்டிக் கிடக்கு, ஒரு விளம்பரப் பலகை நிற்கு. பலகைக்கு இடம் இருந்தால் மரத்துக்கும் இடம் இருந்திருக்கும்.

இதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. றோட்டுக்காக மரம் போனது என்றால் கவலைப்பட்டுவிட்டு இருக்கலாம். எவரோ ஒருவர் நேர்கோடு ஒன்று கீறி, கோட்டுக்குக் கிட்ட நின்றதுக்கெல்லாம் இலக்கம் போட்டு, இலக்கம் போட்டதெல்லாம் விழுந்தது. உண்மையாக எது றோட்டுக்குள் வருகிறது, எதைக் கொப்புக் கழித்து விடலாம், எந்த இடத்தில் வடிகாலை இரண்டு அடி தள்ளி வெட்டலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது பதில்: "ஒண்டு தறிச்சா பத்து நடுவம்." வடக்கில் கார்த்திகையை மரநடுகை மாதம் என்கிறோம். நல்ல மாதம்தான், மழை மாதம். நானும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நட்டிருக்கிறேன். குழி வெட்டி, கன்று வைத்து, பிரமுகர் தண்ணி ஊற்ற, கை தட்டி, படம் எடுத்து, மிக்ஸரும் சோடாவும். பங்குனி வெயிலில் அந்தக் கன்றுக்குத் தண்ணி ஊற்ற ஆர் போனது? ஆடு கடித்தது எத்தனை, காய்ந்தது எத்தனை என்று எந்தச் சங்கமாவது படம் போட்டிருக்கா? நட்டதற்குப் படம் இருக்கு, பிழைத்ததற்கு இல்லை.

சரி, பத்தும் பிழைக்கட்டும். ஒரு பனங்கொட்டை முளைத்து வடலியாகி, பாளை தள்ளி, அதன் இடுக்கில் ஆலம்விதை விழுந்து, வேர் நிலம் தொட்டு, வலையாகிக் கொப்பு விரிக்கும்போது, அதை நட்ட பிள்ளைக்குப் பேரப்பிள்ளை இருக்கும். அவ்வளவு காலமும் அந்த இடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் எங்கே நிற்கும்? இப்போது எங்கட சந்தியில் மத்தியானம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் லைற் போஸ்ரின் நிழலில் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக வரிசையில் நிற்கினம். நிழல் ஒரு சாண் அகலம். சூரியன் நகர நகர வரிசையும் நகரும். பகிடிக்குச் சொல்லவில்லை, போய்ப் பாருங்கோ.

பத்துக் கன்று ஒரு மரத்துக்கு ஈடு என்பது தறிக்கிறவர்களின் மனச்சாட்சிக்குப் போடுகிற மருந்து. நடுங்கோ, வேண்டாம் என்று சொல்லவில்லை. தறித்ததற்குப் பதிலாக நடுகிறோம் என்று மட்டும் சொல்லாதேங்கோ.

*

எங்கட ஊர்ப்பெயர்களைப் பாருங்கோ. வேம்படி, அரசடி, மருதடி, இலுப்பையடி, புளியங்கூடல், புளியங்குளம், நாவற்குழி, மருதங்கேணி, பனங்காமம். இந்தப் பெயர் வைத்தவர்கள் விசித்திரமான மரத்தைத் தேடிப் பெயர் வைக்கவில்லை. வேம்பு, புளி, நாவல், இலுப்பை. ஊரெல்லாம் நிற்கிற சும்மா மரங்கள். அதன் அடியில் இருந்தார்கள், அதன் அடியில் சந்தித்தார்கள், அதன் அடியில் வழக்குத் தீர்த்தார்கள், ஆகவே இடத்துக்கு அதன் பெயர். அவர்களுக்கு மரம் பார்க்கிற சாமான் இல்லை, இருக்கிற இடம்.

நாங்கள் அதைக் காட்சிப்பொருளாக்கிவிட்டோம். காட்சிக்கு ஒன்று போதும். ஒரு பெருக்கைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, பெயர்ப்பலகை நட்டு, சுற்றுலா இடம் என்று எழுதிவிட்டால் மனம் ஆறிவிடுகிறது. மரங்களை மதிக்கிற சமூகம் என்று பேரும் வந்துவிடுகிறது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தறிக்கலாம். எங்கட வியப்பு மரத்தைக் காப்பாற்றவில்லை. தறிக்கிறதுக்கு அனுமதிச்சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கு.

ஆகவே படம் எடுக்காதேங்கோ என்று சொல்ல மாட்டேன். எடுங்கோ, இலக்கத்தையும் சேர்த்து எடுங்கோ. எந்த றோட்டு, எந்த இடம், என்ன மரம், என்ன இலக்கம் என்று எழுதிப் போடுங்கோ. பிறகு ஒரு கடதாசி எழுதுங்கோ. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது. எந்த அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேணும். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேணும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு இருக்கு.

கேட்க வேண்டியது மூன்று விசயம். தறிக்கப் போகிற மரங்களின் பட்டியல் எங்கே? ஒவ்வொன்றையும் ஏன் தறிக்க வேணும், ஆர் அனுமதித்தது? தறிக்காமல் விடுவதற்கு வேறு வழி பார்த்தீர்களா? பெரிய போராட்டம் ஒன்றும் இல்லை. ஒரு முத்திரைக் காசு, ஒரு பின்னேரம். எல்லா மரமும் தப்பாது. ஆனால் "இது உண்மையாவே றோட்டுக்குள்ள வருதோ?" என்று ஒருவர் எழுத்தில் கேட்டால், இன்னொருவர் நாடாவைப் பிடித்து அளந்து பார்க்க வேண்டி வரும். 43க்கு அந்த ஆறேழு அடி தெரியவந்திருக்கும்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். மதில் கட்ட முதல் மேசனிடம் கேளுங்கோ, மரத்தடியில் மதிலை நிறுத்தித் திரும்பத் தொடங்க ஏலுமோ என்று. ஏலும். எங்கட அம்மம்மா வீட்டு மதில் ஒரு வேம்புக்காக ஒரு முழம் உள்ளே வளைந்து போகிறது. ஊரில் எல்லாரும் பகிடி பண்ணினவை, "மதில் வெறியில நிக்குது" என்று. இப்போது கரண்ட் போனால் அந்த ஒழுங்கைச் சனம் முழுக்க அந்த வேம்புக்குக் கீழேதான்.

என்ர போனில் சந்திப் பனையின் வெட்டாத படம் இன்னும் இருக்கு. பெருப்பித்துப் பார்த்தால் 43 வடிவாகத் தெரியும். அதற்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, 44. அது ஒரு பூவரசு. அது விழுந்த நாள் எனக்கு நினைவில்லை. ஒருவரும் படம் எடுக்கவும் இல்லை.

உங்கட சந்தியில் இப்போது எத்தனையாம் இலக்கம் நிற்குது? நாளைக்கு அந்தப் பக்கம் போனால் பார்த்துக்கொண்டு வாங்கோ.